செட் என்றால் என்ன, ஒரே வார்த்தையில் சொல்லு

வருஷத்துக்கு ஒருமுறையாவது அந்த வாட்ஸ்அப் ஃபார்வர்டு வந்துவிடுகிறது. 'ஆங்கிலத்திலேயே அதிக அர்த்தம் உள்ள வார்த்தை எது தெரியுமா? செட்! மூன்றே எழுத்து, 430 அர்த்தம்!' என்று போட்டு, தலையில் கைவைத்த பொம்மை ஒன்று. கீழே ஒருவர் 'இதுக்குத்தான் தமிழ் வேணும்கிறது' என்பார். இன்னொருவர் 'இந்த பாஷையை எவன் படிப்பான்' என்பார். இரண்டு பேரோடும் எனக்குப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த 430. அது பொய் இல்லை. ஆக்ஸ்போர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பு 1989-இல் 20 தொகுதிகளாக வந்தபோது, அதில் ஆக நீளமான பதிவு செட் என்கிற வினைச்சொல்லுக்குத்தான். அதை விளக்கவே சுமார் 60,000 சொற்கள் ஆயின. ஆனால் ஃபார்வர்டுதான் பழசாகிவிட்டது. மூன்றாம் பதிப்புக்காக 'ரன்' என்ற சொல்லைக் கையில் எடுத்த பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர், அதோடு ஒன்பது மாதம் மல்லுக்கட்டி, வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள் பிரித்து வைத்தார். 2011-இலேயே இது பத்திரிகையில் வந்துவிட்டது. இதில் நான் பார்ப்பது வேறு. பூசணிக்காயில் எத்தனை பத்தை வரும் என்பது காயில் இல்லை, அரிகிறவர் கையில் இருக்கிறது. அலாரம் செட் செய்வதும் பொறி செட் செய்வதும் ஒரே பொருளா, இரண்டா? ஆசிரியர் எங்கே கோடு போடுகிறாரோ அதுதான் கணக்கு.

காய் என்னவோ ஒன்றுதான். அது என்ன என்று தெரிந்துகொள்ள நமக்கு ஆங்கிலப் புலமைகூட வேண்டாம், தமிழ்க் காது போதும். ஆங்கிலத்தில் சிட் என்றால் உட்கார். அதைச் செய்விக்கும் வினை செட், அதாவது உட்கார வை. நாம் நட, நடத்து என்றும் திரும்பு, திருப்பு என்றும் சொல்கிறோமே, அப்படி. இன்னும் நெருக்கமாக வேண்டுமானால் அமர், அமர்த்து. ஆதியில் இது ஆங்கிலத்தில் இன்னும் பல சொற்களில் நடந்த வேலை. இப்போது ஒன்றிரண்டு ஜோடிதான் கண்ணில் படுகிறது.

இதை வைத்துக்கொண்டு பாருங்கள். எலும்பை செட் செய்கிறார் வைத்தியர்: விலகினதை அதன் இடத்தில் அமர்த்துகிறார். மோதிரத்தில் கல்லை செட் செய்கிறார் ஆசாரி: குழியில் உட்கார வைக்கிறார். ஆங்கிலேயக் குடியானவர் கோழியை செட் செய்வார், அதாவது முட்டைமேல் அடைக்கு வைப்பார். சூரியன் செட் ஆகிறது, பொழுது போய் உட்காருகிறது. இதற்குத் தமிழில் 'பொழுது அடையுற நேரம்' என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். கோழிக்கும் பொழுதுக்கும் ஒரே வினை நம்மிடமும் இருக்கிறது, அவர்களிடமும் இருக்கிறது. யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை.

சிமென்ட் செட் ஆவதும் இதே குடும்பம்தான். மேஸ்திரிகள் 'செட் ஆகட்டும்' என்று சொல்வதைக் கேட்டு, காய்ந்து இறுகுவதைத்தான் சொல்கிறார்கள் என்று வீடு கட்டுகிற பலர் நினைக்கிறார்கள். இல்லை. குழைவாக இருந்த கலவை இனி குழைக்க முடியாதபடி நிலைகொள்வதுதான் செட். சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட்டுக்கு இந்தியத் தர நிர்ணயப்படி முதல் செட்டிங் 30 நிமிடத்துக்கு முன் நடக்கக் கூடாது, கடைசி செட்டிங் 600 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. விக்காட் என்ற கருவியில் ஊசியை இறக்கி இதைப் பார்க்கிறார்கள். பலம் ஏறுவது அதற்கு அப்புறம் நடக்கிற தனிக் கதை, அதற்குத்தான் நாள்கணக்கில் தண்ணீர் ஊற்றுகிறோம், 28-ஆம் நாள் சோதனை வைக்கிறோம். செட் ஆகிவிட்டது, இனித் தண்ணீர் எதற்கு என்று கேட்கிறவர் அந்த ஒரு சொல்லில்தான் வழுக்குகிறார்.

சரி, எல்லாமே உட்கார்வதுதானா என்றால், இல்லை. கூட்டம், தொகுதி என்கிற செட் வேறு வழியாக வந்தது. லத்தீனில் செக்டா, பின்பற்றுகிறவர்கள் என்று பொருள். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்து, ஏற்கெனவே அங்கே இருந்த செட்டோடு ஒட்டிக்கொண்டது. 'அவன் எங்க செட்டுடா' என்று கல்லூரி நண்பனைச் சொல்கிறோமே, அது இந்த லத்தீன் வழி. கணக்கில் வரும் செட்டும் தொகுதிதான். நாம் அதைக் கணம் என்று படித்தோம், இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகள் தொடை என்று படிக்கிறார்கள். (தொடுப்பது தொடை. எனக்கு அவர்கள் சொல்தான் பிடித்திருக்கிறது, வகுப்பில் பையன்கள் சிரிப்பார்கள் என்றாலும்.) ஆனால் 'பையன் செட்டில் ஆகிட்டானா?' என்று மாமாக்கள் கேட்பது மறுபடி பழைய வழி. செட்டில் என்பது இருக்கை என்ற பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. பையன் உட்கார்ந்துவிட்டானா என்றுதான் கேட்கிறார்கள், உட்காராமல் ஓடிக்கொண்டிருப்பதுதான் அவன் வேலையே என்றாலும்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். கோர்ட் பக்கத்தில் உட்கார்ந்து ஆவணங்களை மொழிபெயர்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. செட் என்னைப் படுத்துகிற மாதிரி எந்த லத்தீன் சட்டச் சொல்லும் படுத்தியதில்லை. ஒரு பெரியவர் உத்தரவு நகலோடு வந்தார். சிவில் வழக்கில் எதிராளி ஆஜராகாததால் எக்ஸ்பார்ட்டியாக இவருக்கு டிக்ரி கிடைத்திருந்தது. பிறகு எதிராளி மனுப் போட, டிக்ரி 'செட் அசைடு' என்று உத்தரவு. இவர் பேரன் செல்போனில் அதைப் போட்டுப் பார்த்திருக்கிறான். 'ஒதுக்கி வைக்கப்பட்டது' என்று வந்திருக்கிறது.

"பத்திரமா எடுத்து வெச்சிருக்காங்க, அப்படித்தானே தம்பி?" என்றார்.

"இல்லீங்கய்யா. அந்தத் தீர்ப்பு இனி செல்லாது. வழக்கு மறுபடி நடக்கும், வக்கீலைப் பாருங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பேரனைக் குறை சொல்ல முடியாது. மகள் கல்யாணத்துக்குப் பணம் செட் அசைடு என்றால் ஒதுக்கி வைத்ததுதான், பத்திரமாக இருக்கும். தீர்ப்பு செட் அசைடு என்றால் ரத்து, ஒன்றுமே மிச்சம் இருக்காது. சிவில் நடைமுறைச் சட்டத்தில் 9-ஆம் கட்டளை 13-ஆம் விதி முழுக்க இந்த இரண்டாவது சங்கதிதான். 'செட் ஆஃப்' இன்னும் மோசம். பயணம் கிளம்பினாலும் அதுதான், குண்டு வெடிக்க வைத்தாலும் அதுதான். விசாரணைக் கைதியாக உள்ளே இருந்த நாட்களைத் தண்டனையில் கழித்துக்கொள்வதற்கும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 428-ஆம் பிரிவு அதே சொல்லைத்தான் வைத்திருந்தது. இங்கே பொருள் மாறினால் ஒரு மனிதனின் வெளியே வரும் தேதியே மாறும்.

அதனால்தான் நம் ஆங்கில வகுப்புகள் மேல் எனக்குக் கோபம். இடதுபக்கம் ஆங்கிலச் சொல், நடுவில் சமக்குறி, வலதுபக்கம் ஒரே ஒரு தமிழ்ச் சொல். போட்டித் தேர்வுப் புத்தகம் எதைத் திறந்தாலும் 'அபான்டன்: கைவிடு' என்று தொடங்குகிறது. அபான்டனுக்கு அது சரி, அந்தச் சொல்லுக்கு வேறு வேலை அதிகம் இல்லை. செட், ரன், கெட், டேக், புட் எல்லாம் 'சின்ன வார்த்தை, மூணாங்கிளாஸ்லயே முடிஞ்சது' என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். பெரிய சொற்களை மனப்பாடம் செய்து நல்ல மார்க் வாங்கிய பட்டதாரி, நீதிமன்றத் தாளில் மூன்றெழுத்தைப் பார்த்து முழிக்கிறார். நாள் முழுக்க வேலை வாங்கப்படுவது இந்தச் சின்னச் சொற்கள்தான். அதனால்தான் அவற்றுக்கு இத்தனை முகம்.

'இதுக்குத்தான் தமிழ் வேணும்' என்கிற நண்பருக்கும் பதில் உண்டு. போடு என்ற சொல்லை ஒரு வெளியூர்க்காரருக்குச் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள். சட்டை போடு, சோறு போடு, சண்டை போடு, கோலம் போடு, ஊசி போடு, ஓட்டுப் போடு, கணக்குப் போடு, டீ போடு, மொட்டை போடு. பூனையும் குட்டி போடுகிறது. நாம் இதை யாரிடமும் பட்டியல் போட்டுப் படிக்கவில்லை, பக்கத்துச் சொல்லோடு சேர்த்தே கேட்டு வளர்ந்தோம். ஆங்கிலத்தையும் அப்படி ஜோடியாகக் கற்றுக்கொடுத்தால் என்ன கெட்டுவிடும்? அலாரம், எலும்பு, தீர்ப்பு என்று பக்கத்தில் நிற்கிறவரை வைத்து.

ஜூன் பிறந்தால் ஒரு நல்ல பாடம் தானாகவே கிடைக்கும். தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் 'செட் இன்' ஆகிவிட்டது என்று வானிலைத் துறை ஆங்கிலத்தில் அறிவிக்கும், நம் பத்திரிகைகள் 'தொடங்கியது' என்று எழுதும். தப்பில்லை, ஆனால் பாதிதான் வந்திருக்கிறது. மே 10-க்குப் பிறகு, குறித்து வைத்திருக்கும் 14 நிலையங்களில் 60 சதவீதத்திலாவது தொடர்ந்து இரண்டு நாள் 2.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பதிவாக வேண்டும். அதோடு காற்றின் திசை, வேகம் போன்ற கணக்கும் ஒத்துவர வேண்டும். மழை வந்தால் போதாது, வந்து உட்கார வேண்டும். ஒரு நாள் கொட்டிவிட்டு ஓடிப்போகிற மழைக்கு அவர்கள் அந்தச் சொல்லைப் போடுவதில்லை.