பெர்கஷன் முதல் சுரத்துக்கு மட்டும் விழுந்தால் அது பழுதல்ல

ஹாமண்ட் என்ற மின்சார ஆர்கனில் விரலை எடுக்காமல் சேர்த்து வாசிக்கும்போது பெர்கஷன் (சுரத்தின் தொடக்கத்தில் சேரும் தட்டொலி) முதல் சுரத்துக்கு மட்டும் 'டிங்' என்று விழுந்தால் கான்டாக்ட் (கட்டைக்குக் கீழுள்ள மின் தொடுமுனை) தேய்ந்துவிட்டது, சென்னையில் செகண்ட் ஹேண்ட் தேடுபவர்கள் அதைத் தொடவே வேண்டாம் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அக்கறையில் சொன்னதுதான். ஆனால் அது பழுதல்ல, அமைப்பே அப்படி.

1954இல் வந்த பி-3 என்ற ஹாமண்ட் மாடலில் எல்லாக் கட்டைகளுக்கும் சேர்த்து ஒரே பெர்கஷன் சர்க்யூட்தான். விரல்களை மொத்தமாக எடுத்தால்தான் அது மறுபடி தயாராகும். ராக் வாசிப்பில் அந்த 'டிங்' வேண்டிய இடத்தில் விரலை வெட்டி எடுப்பது இதனால்தான்.

கடையிலேயே பார்த்துவிடலாம். மேல் கட்டை வரிசையின் இடது ஓரத்தில், ஒலியைத் தேர்ந்தெடுக்கும் 'பி' ப்ரீசெட் கட்டையை அழுத்தி, பெர்கஷனை ஆன் செய்யுங்கள். ஒரு கட்டையைப் பிடித்தபடியே அடுத்ததைத் தட்டினால் 'டிங்' வராது. இரண்டையும் விட்டுவிட்டுத் தட்டினால் வரும். வந்தால் சரி, சர்க்யூட் வேலை செய்கிறது.

அப்புறம், பெர்கஷன் ஆனில் இருக்கும்போது ஒன்பதாவது ட்ராபார் (ஒலியின் நிறத்தை மாற்ற இழுக்கும் கம்பி) ஊமையாகிவிடும். பெர்கஷனைத் தூண்ட அதன் கான்டாக்டைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். வடபழனி ரிகர்சல் ரூம் ஒன்றில் இதற்காக நானே ஒரு மணி நேரம் ஒயரைக் குடைந்திருக்கிறேன்!