ஐந்து முறை படித்தால் மனத்தில் நிற்குமா?

பிஎஸ்எல்இ (சிங்கப்பூரின் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) தமிழ்த் தாளுக்கு மரபுத்தொடர்ப் பட்டியலைத் தினமும் ஐந்து முறை வாசிக்கச் சொல்லும் ஒரு கட்டுரையின் ஆலோசனையை ஏற்க முடியவில்லை. திரும்பத் திரும்ப வாசித்தால் சொல் பழகிப்போகும். பார்த்தால் அடையாளம் தெரியும். தாளில் காலியிடத்தை நிரப்பும்போது நினைவிலிருந்து எடுக்க வராது. இரண்டும் வெவ்வேறு வேலை.

2006இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். பத்தியை இரண்டு முறை படித்தவர்கள் 5 நிமிடம் கழித்து 81 விழுக்காடு சொன்னார்கள். ஒருமுறை படித்துவிட்டுப் பாராமல் எழுதிப் பார்த்தவர்கள் 75 தான். ஒரு வாரம் கழித்தோ முதல் குழு 42, இரண்டாவது 56. அன்றிரவே ஒப்பிக்கச் சொல்லும் பெற்றோர் ஏமாறுவது இதனால்தான்.

அட்டையின் முன்பக்கம் பொருள், பின்பக்கம் 'கம்பி நீட்டு', 'கங்கணம் கட்டு' என்று எழுதுங்கள். ஒரு தடவைக்கு 8 அட்டை போதும். பிள்ளை திணறினால் உடனே திருப்பிவிடாதீர்கள், 10 விநாடியாவது விடுங்கள். அந்தத் தேடல்தான் பயிற்சி. தவறாகச் சொன்னால் மட்டும் அங்கேயே திருத்துங்கள், இல்லாவிட்டால் தவறே பதியும். மறுநாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், பிறகு இரண்டு வாரம் கழித்து எடுங்கள். ஒவ்வொரு முறையும் கலைத்துப் போடுங்கள். வரிசை மாறாவிட்டால் முந்தைய அட்டையே விடையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒருமுறை சரியாகச் சொன்ன அட்டையை ஒதுக்கிவைப்பது பல வீடுகளில் நடக்கும் பிழை. இன்னும் இரண்டு மூன்று சுற்றுக்காவது அதை மற்ற அட்டைகளோடு வைத்திருங்கள்.