அமிலப் புகையும் முன்பற்களும்: ஒரு திருத்தம்

ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் அமிலத் தொட்டியருகே வேலை செய்பவர்களின் பல் தேய்வதற்குப் பாக்கும் புகையிலையும்தான் காரணம், வேலை முடிந்ததும் அழுத்தித் துலக்கினால் சரியாகிவிடும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு. இரண்டாவது ஆபத்தானதும்கூட.

பாக்கு மெல்லுபவருக்குப் பெரும்பாலும் கடைவாய்ப் பற்கள்தான் தேயும். புகையிலை ஈறைக் கெடுக்கும், வாய்ப்புற்றையும் கொண்டுவரும், அதை மறுக்கவில்லை. ஆனால் கந்தக அமிலப் புகை தாக்குவது முன்பற்களை. பேசும்போதும் வாயால் மூச்சு விடும்போதும் உதடு மறைக்காத நுனியில் அமிலத் துளிகள் படிகின்றன. பிஎச் அளவு (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; அமிலம் கூடக்கூட இது குறையும்) ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினால், பல்லின் கடினமான மேலுறையான எனாமல் கரையத் தொடங்கும். நுனி கண்ணாடிபோல் மெலிந்து உதிரும். முற்றினால், கடைவாய்ப் பற்களைச் சேர்த்துக் கடித்தாலும் மேல், கீழ் முன்பற்கள் ஒன்றையொன்று தொடாது. கரைந்த எனாமல் மீண்டும் வளராது.

அமிலம் பட்டு இளகிய பல்லை உடனே தேய்த்தால் இளகிய எனாமல் படலமும் சேர்ந்து போய்விடும். முதலில் தண்ணீரால் கொப்பளியுங்கள். ஒரு மணி நேரமாவது கழித்துத் துலக்குங்கள். முகத்தில் கட்டும் கைக்குட்டை அமிலத்தைத் தடுக்காது. புகையைக் கிளம்பும் இடத்திலேயே உறிஞ்சி வெளியேற்றுவது, 2025 வரை நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 14-ஆம் பிரிவே நிர்வாகத்தின்மேல் வைத்திருந்த கடமை. பல் கூசத் தொடங்கியவர்கள் மருத்துவரிடம் தங்கள் வேலை என்ன என்பதையும் தயவுசெய்து சொல்லுங்கள்.