கொடியை எடுத்தவர்கள் கோழைகள் இல்லை

ஜப்பானிலிருந்து தைவானுக்குப் பறப்பதற்காகவே, விமானத்தில் ஜப்பான் கொடி இல்லாமல் ஓடிய கம்பெனி ஜப்பான் ஏசியா ஏர்வேஸ். அதன் படத்துக்குக் கீழே நேற்று நடந்ததை எல்லோரும் பார்த்தீர்கள். "காசுக்காகச் சொந்தக் கொடியையே உரித்துப் போட்ட கம்பெனி" என்று ஒருவர் ஆரம்பித்து வைக்க, ஆளாளுக்கு வந்து காறித் துப்பிவிட்டுப் போனீர்கள். பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

அது கோழைத்தனம் இல்லை. ரெண்டு பக்கத்து ஜனங்களும் போய்வர வழி வேண்டும் என்று செய்த வேலை.

1972 செப்டம்பரில் ஜப்பான், தைவான் தன்னுடையது என்று சொல்லும் சீன அரசோடு (பெய்ஜிங்) தூதரக உறவு வைத்துக்கொண்டு தைவான் அரசைக் (தைபே) கைவிட்டது. அப்போதும் விமானங்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. 1974 ஏப்ரல் 20 அன்று சீனாவுடன் விமானப் போக்குவரத்து ஒப்பந்தம் போட்ட கையோடு ஜப்பானின் வெளியுறவு அமைச்சர் ஒஹிரா ஓர் அறிக்கை விட்டார். தைவான் விமானத்தில் இருக்கும் கொடியை ஒரு நாட்டின் கொடியாக ஜப்பான் கருதவில்லையாம். பதிலுக்குத் தைவான் அரசு இரு நாட்டுக்கும் இடையிலான விமானப் போக்குவரத்தை நிறுத்தியது. தன் வான்பரப்புக்குள் ஜப்பானிய விமானம் நுழையவே கூடாது என்றது. ஒரு வருஷத்துக்கு மேல் இதே நிலைமை.

நான் தைவானில், ஷின்சு நகரத்தில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது வீட்டுக்கார அம்மா சொன்னது இது. அவருடைய அக்காவை ஒசாகாவில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். விமானம் நின்ற சமயத்தில் அக்காவுக்குப் பிரசவம். வேறு நாட்டு விமானங்கள் இருந்தாலும் இருக்கிற சீட்டுக்கு அடிபிடி. பிள்ளை பெற்றவளுக்குக் கோழி சமைத்துக் கொடுக்க வாங்கி வைத்த கறுப்பு எள்ளெண்ணெய் புட்டிகள் மூட்டை கட்டியபடியே கிடந்தனவாம். பேரன் உட்காரப் பழகிய பிறகுதான் பாட்டி போய்ப் பார்த்தார். இந்த அம்மாவிடம் போய்ச் சொல்லுங்கள், கொடியை எடுத்தது கோழைத்தனம் என்று.

1975 ஜூலையில், பின்னால் வந்த அமைச்சர் மியாசாவா நாடாளுமன்றத்தில் இறங்கி வந்து பேசினார். அதன் பிறகுதான் வழி பிறந்தது. ஜப்பான் ஏர்லைன்ஸ், ஜப்பான் ஏசியா ஏர்வேஸ் என்று ஒரு துணை நிறுவனம் தொடங்கி, செப்டம்பரில் தைபேக்கு விமானம் விட்டது. தாய் நிறுவனம் சீனாவுக்கு, பிள்ளை நிறுவனம் தைவானுக்கு.

"பேரை மாற்றி ஏமாற்றினார்கள்" என்கிறீர்கள். யாரை? பெய்ஜிங்குக்குத் தெரியும், தைபேக்குத் தெரியும், டிக்கெட் வாங்கியவனுக்கும் தெரியும். "லாபத்துக்குத்தானே?" ஆமாம், லாபத்துக்கும்தான். நஷ்டத்துக்கு யார் விமானம் ஓட்டுகிறார்கள்? "கொள்கை உள்ளவன் பறந்திருக்கவே மாட்டான்" என்று எழுதியவருக்குத்தான் எனக்கு உண்மையிலேயே கோபம். உங்கள் கொள்கைக்கு அடுத்தவன் வீட்டுப் பாட்டி ஏன் காத்திருக்க வேண்டும்?

இத்தனைக்கும் ஜப்பான் மட்டும் செய்ததில்லை. குவான்டாஸ், பிரிட்டிஷ் ஏர்வேஸ், ஸ்விஸ்ஏர் எல்லாமே தைபேக்கென்று ஒரு 'ஏசியா' வைத்திருந்தன. கேஎல்எம் ஏசியா விமானங்களில் டச்சுக் கொடியும் இல்லை, சின்னத்தின் மேலிருக்கும் கிரீடமும் இல்லை. அவர்களையும் கோழைகள் என்பீர்களா?

எனக்கு வலிப்பது வேறு. இந்தக் கதையில் அவமானப்பட்டது தைவான்காரர்கள். 1978இல் டோக்கியோவுக்குப் புதிதாக நரிட்டா விமான நிலையம் திறந்ததும் மற்ற வெளிநாட்டு நிறுவனங்கள் அங்கே போக, சீன விமானத்தின் பக்கத்தில் நிற்கக் கூடாதென்று தைவானின் சைனா ஏர்லைன்ஸை மட்டும் பழைய ஹனேடா விமான நிலையத்திலேயே 2002 வரை ஒதுக்கி வைத்தார்கள். 2018இல் இன்னும் ஒரு படி. உங்கள் இணையதளத்தில் தைவானைத் தனி நாடுபோலக் காட்டாதீர்கள் என்று வெளிநாட்டு விமான நிறுவனங்களுக்குச் சீனாவிலிருந்து கடிதம் போனது. பல நிறுவனங்கள் பட்டியலை மாற்றிவிட்டன. அதைப் பற்றி உங்களில் ஒருவராவது ஒரு வரி எழுதினீர்களா? எப்படியாவது அந்த ஊருக்குப் பறந்துகொண்டிருந்தவர்களைத் திட்டத்தான் வந்தீர்கள்.

அந்தப் பதிவில் சிரித்தவர்களில் தைவானில் படித்தவர்களும் இருக்கிறீர்கள். சென்னையில் நீங்கள் விசா வாங்கிய இடத்தில் தூதரகம் என்று பலகை இல்லை. தைபே பொருளாதாரப் பண்பாட்டு மையம் என்றுதான் இருந்தது. அந்த விசாவை வாங்கிக்கொண்டுதானே விமானம் ஏறினீர்கள்?