மாட்டியதைக் கழற்றிப் பாரும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை

குண்டு சரியில்லை. ஸ்பிரிங் தளர்ந்துபோச்சு. தோட்டா அடுக்குகிற மாகசின் பழசு. உம்ம பிடி சரியில்லை. நாகர்கோவிலில் இருந்து குலசேகரம் வரைக்கும் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிற அண்ணாச்சிமார் எனக்குச் சொன்ன தீர்ப்புகள் இவை. வருஷக்கணக்காக முரண்டு பண்ணாத .32 பிஸ்டல், குறி பார்க்கச் சிவப்புப் புள்ளி காட்டும் லேசரை மாட்டிய பிறகு சிக்கி ஜாம் ஆக ஆரம்பித்தது. புதிதாக வந்து சேர்ந்தது எது? லேசர். அதைக் கழற்றிப் பாரும் என்று சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை!

லேசரை விற்ற கடைக்காரர் இன்னும் ஒரு படி மேலே. "எல்லா பிஸ்டலுக்கும் சேரும் சார்" என்று சொல்லி, அவரே ஸ்குரூ முறுக்கித் தந்தார். ஜாம் ஆகிறதே என்று போன் போட்டால், "கொஞ்சம் ரவுண்டு சுடுங்க, தானா செட் ஆயிரும்" என்கிறார். கொஞ்சம் ரவுண்டா? தோட்டா என்ன பஸ் ஸ்டாண்டில் விற்கிற கடலை மிட்டாயா? ஒவ்வொன்றும் லைசென்ஸ் புத்தகத்தில் ஏறுகிற கணக்கு. என் ரப்பர் தோட்டத்துக்குள் நின்று சுட்டுப் பார்க்கவும் முடியாது, சுட்டுப் பழகுகிற ரேஞ்சுக்குப் போக வேண்டும். பால் வெட்டு நடக்கிற நாளில் அதற்கு ஒரு பகல் போய்விடும். அப்படிப் போய்ச் சுட்டால் மறுபடியும் ஜாம்.

அண்ணாச்சிமாரின் தீர்ப்புகளுக்கும் வருகிறேன். .32 தோட்டாவின் அடிவிளிம்பு உடம்பைவிட ஒரு மயிரிழை அகலம். மாகசினில் மேல் தோட்டாவின் விளிம்பு, கீழ் உள்ளதன் விளிம்புக்குப் பின்னால் இறங்கிவிட்டால் இரண்டும் பூட்டிக்கொள்ளும். உண்மைதான். ஆனால் அப்போது சிக்குவது சுடாத தோட்டா, அதுவும் மாகசினுக்குள்ளேயே. எனக்குச் சிக்கியது சுட்ட காலிக்கூடு, சுடும்போது பின்னே போய்த் திரும்புகிற மேற்பகுதியான ஸ்லைடின் வாயில் நெட்டுக்குத்தலாக! இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் மாகசினை மாற்று, குண்டை மாற்று என்றால் செலவு யாருக்கு?

மிலிட்டரியில் இருந்து வந்த ஒரு மாமா, மணிக்கட்டுத் தளர்ச்சிதான் காரணம் என்று அடித்துச் சொன்னார். பிடி தளர்ந்தால் கூடு சிக்கும், மறுக்கவில்லை. என் மணிக்கட்டு என்ன, லேசர் வாங்கிய அன்றைக்குப் பார்த்தா தளர்ந்தது?

கடைசியில் நானே உட்கார்ந்தேன். மாகசினை எடுத்துவிட்டு, தோட்டா உட்காருகிற சேம்பரில் எதுவும் இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துக்கொண்டு, ஸ்லைடைக் கையால் மெதுவாகப் பின்னே இழுத்து, பிடியை விடாமலேயே முன்னே போக விட்டேன். முழுதாக மூடுவதற்குக் கொஞ்சம் முன்பே நின்றுவிட்டது. லேசரைக் கவ்விப் பிடிக்கிற கிளாம்பைக் கழற்றிவிட்டு அதையே செய்தால் சளக்கென்று மூடுகிறது. ஸ்லைடின் அடியில் பளபளவென்று ஒரு கோடு. கிளாம்பின் மேல்தாடை உரசி உரசிப் போட்ட கோடு!

என் பிஸ்டலில் லேசர் மாட்டும் ரெயில் கிடையாது. அதனால் கடைக்காரர் ட்ரிகரைச் சுற்றியிருக்கிற வளையமான ட்ரிகர் கார்டில் கவ்வவைத்து, ஆடாமல் இருக்கட்டும் என்று முறுக்கித் தள்ளியிருக்கிறார். இந்த மாதிரிச் சின்ன பிஸ்டலில் பெரும்பாலும் குண்டு போகிற குழலான பேரலையும் ஸ்லைடையும் பூட்டும் ஏற்பாடு கிடையாது. வெடிக்கும் விசை கூட்டைப் பின்னே தள்ள, கூடு ஸ்லைடைத் தள்ளுகிறது. எதிர்த்து நிற்பது ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கும்தான். .32 ரவுண்டின் விசையும் அப்படியொன்றும் பெரிசில்லை. நடுவில் உரசல் வந்தால் ஸ்லைடு முழுதாகப் பின்னே போகாது, கூடு தெறிக்காமல் மாட்டும். திரும்பி வரும்போது உரசினால் முழுதாக மூடாது, ட்ரிகரை இழுத்தாலும் சுடாது. ஆபத்து என்று கையில் எடுத்த நேரத்தில் இது நடந்தால்? தற்காப்புக்கு என்று வாங்கியது ஐயா இது!

இன்னொன்று. கடல்காற்றில் உப்பு, ஆடிச் சாரல், ஐப்பசி மழை, அதோடு கைவியர்வை. எல்லாம் கிளாம்புக்கு அடியில் தங்கி, கருநீலப் பூச்சு போய்ச் செந்துரு ஏறியிருக்கிறது. எண்ணெய்த் துணி போகாத இடுக்கை விலை கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

இத்தனைக்கும் அந்தச் சிவப்புப் புள்ளி மத்தியான வெயிலில் கண்ணுக்கே தெரிவதில்லை. போதாக்குறைக்கு லேசர் பேரலுக்குக் கீழே இருக்கிறது. புள்ளியும் குண்டும் ஒன்றாக விழுவது ஏதோ ஒரு தூரத்தில்தான். கடையில் விளக்கைக் குறைத்துச் சுவரில் காட்டும்போது இதை யார் சொல்கிறார்கள்?

சரி, திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று போய் நின்றேன். "பிஸ்டலில் மாட்டியாச்சுன்னா ரிட்டர்ன் கிடையாது சார்" என்கிறார்.

மாட்டினது யாரு ஓய்?