1940-ஐ விட்டுவிட்டு ஆந்த்ரேசனைப் பேச முடியாது

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்தது இங்கே பலருக்குத் தெரியும் என்பதால் முழுவதையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. நிகோல் ஆந்த்ரேசனை ஸ்டாலின் ஆட்சியில் சிறைப்பட்ட எஸ்தோனிய இலக்கிய ஆய்வாளர் என்று அறிமுகம் செய்தார்கள். 1899-இல் பிறந்தார், ஆசிரியராக இருந்தார், விமர்சனம் எழுதினார், மொழிபெயர்த்தார், 1950-இல் கைதானார், 1955-இல் விடுதலையானார், 1985-இல் மறைந்தார். எல்லாம் சரி. "1940-இல் அவர் என்னவாக இருந்தார்?" என்று மட்டும் நான் கேட்டேன். இறந்தவர் மீது சேற்றை வாரி இறைக்கும் குறுகிய மனம் எனக்கு என்று பதில் வந்தது. அரங்கில் சிலர் தலையசைத்தார்கள். அவர்களில் என் நெடுநாள் நண்பர்களும் இருந்தார்கள்.

கேள்விக்கான பதிலை நானே எழுதிவிடுகிறேன். 1940 ஜூன் 16 அன்று சோவியத் யூனியன் எஸ்தோனியாவுக்கு இறுதி எச்சரிக்கை விடுத்தது; மறுநாளே படைகள் உள்ளே வந்தன. மாஸ்கோவிலிருந்து வந்து இறங்கிய, ஸ்டாலினின் நெருங்கிய சகாவான ஷ்தானவின் மேற்பார்வையில் ஜூன் 21 அன்று ஒரு புதிய அரசு அமைந்தது. அதன் பிரதமர் யோகன்னஸ் வாரஸ், பார்பாரஸ் என்ற பெயரில் கவிதை எழுதிய மருத்துவர். துணைப் பிரதமர் வரலாற்றாசிரியர் ஹான்ஸ் குரூஸ். கல்வி அமைச்சர் கவிஞர் யோகன்னஸ் செம்பர். வெளியுறவு அமைச்சர் நிகோல் ஆந்த்ரேசன். ஜூலை 14, 15 தேதிகளில் ஒரே ஒரு பட்டியலை முன்வைத்து நாடாளுமன்றத் தேர்தல் நடத்தினார்கள். எதிர் வேட்பாளர்களை ஏறக்குறைய முழுவதுமாக நீக்கிவிட்டிருந்தார்கள். ஜூலை 22 அன்று அந்த அவை சோவியத் யூனியனில் சேர விண்ணப்பித்தது, ஆகஸ்ட் 6 அன்று நாடு இணைக்கப்பட்டது. ஒரு நாடு தன் சுதந்திரத்தை இழந்த அந்தச் சில வாரங்களில், அந்த நாட்டின் சார்பாக உலகத்தோடு பேச வேண்டிய நாற்காலியில் அமர்ந்திருந்தவர் இவர்தான். இதை அறிமுகத்தில் சொல்ல ஒரு வரி போதும், அந்த ஒரு வரிக்குக்கூட இடம் கொடுக்கவில்லை.

அதன் பிறகும் அவர் ஒதுங்கிவிடவில்லை. 1946 வரை கல்வித் துறையின் மக்கள் ஆணையர், அதாவது சோவியத் முறையில் அமைச்சர். 1941 ஜூன் 14 அன்று ஏறத்தாழ பத்தாயிரம் பேர், பெண்களும் குழந்தைகளும் உட்பட, சரக்கு ரயில்களில் ஏற்றி சோவியத் யூனியனின் உட்பகுதிகளுக்கு நாடுகடத்தப்பட்டபோது அந்தக் குழந்தைகள் படித்த பள்ளிகள் அவருடைய துறையின் கீழ் இருந்தன. 1946 இறுதியில் வாரஸ் இறந்தபோது சோவியத் எஸ்தோனியாவின் நாடாளுமன்றமான உச்ச சோவியத்தின் தலைமைக் குழுத் தலைவர் பொறுப்பைச் சில மாதங்கள் வகித்தவரும் ஆந்த்ரேசன்தான். ஆறு ஆண்டு ஆணையர் பதவியை விட்டுவிட்டு ஐந்து ஆண்டுச் சிறையை மட்டும் சொன்னால், அதற்குப் பெயர் வாழ்க்கைக் குறிப்பு அல்ல.

அவருக்கு வேறு வழி இருந்ததா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, ஆனால் பதில் அவருக்குச் சாதகமாக இல்லை. ஆகஸ்ட் ரெய் என்ற பெயரை அந்தக் கூட்டத்தில் ஒருவரும் உச்சரிக்கவில்லை. ரெயும் சோசலிஸ்ட், ஆந்த்ரேசன் 1932-இல் நாடாளுமன்றத்துக்குப் போனது ரெய் முன்னணியில் இருந்த அதே சோசலிசத் தொழிலாளர் கட்சியின் சார்பில். 1940-இல் ரெய் மாஸ்கோவில் எஸ்தோனியத் தூதராக இருந்தார், ஆபத்து அவருடைய வாசலிலேயே நின்றது. அவர் புதிய அரசோடு சேரவில்லை. ஸ்வீடனுக்குத் தப்பிச் சென்று, 1963-இல் ஸ்டாக்ஹோமில் இறக்கும்வரை நாடு திரும்பவில்லை. லண்டனில் இருந்த தூதர் ஆகஸ்ட் தோர்மா இணைப்பை ஏற்க மறுத்து, தன் நாட்டின் தூதராகவே வாழ்நாளின் இறுதிவரை இருந்தார். வழி இருந்தது. அந்த வழியில் பதவி மட்டும் இல்லை.

நான் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன் என்று கேட்பவர்களுக்கு என் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அப்பா வேலை பார்த்த ஆலையில் ஒருமுறை ஆட்குறைப்புப் பட்டியல் போட்டார்கள். அதில் தொழிலாளர் தரப்பில் கையெழுத்திட்டவர் அப்பாவோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர். அப்பாவின் பெயர் பட்டியலில் இருந்தது. சில ஆண்டுகள் கழித்து அதே நிர்வாகம் அந்தக் கையெழுத்துக்காரரையும் வெளியே அனுப்பியது. அவருடைய இரங்கல் கூட்டத்தில் பேசிய எல்லோரும் நிர்வாகத்தால் பழிவாங்கப்பட்டவர் என்று உருகினார்கள், அது பொய்யும் அல்ல. அப்பா பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து, "பட்டியலைப் பத்தி ஒருத்தர்கூடச் சொல்லலையேப்பா" என்றார். அவர் அந்த நண்பரைத் திட்டவில்லை, தண்டனையும் கேட்கவில்லை. நடந்தது நடந்ததாகச் சொல்லப்பட வேண்டும், அவ்வளவுதான் அவர் எதிர்பார்த்தது.

1934-இல் எஸ்தோனிய அரசின் தலைவராக இருந்த பேட்ஸ் முழு அதிகாரத்தையும் கைப்பற்றி, நாடாளுமன்றத்தை முடக்கி, பின்னர் கட்சிகளையும் தடை செய்தாரே, ஆந்த்ரேசனின் கோபம் அங்கிருந்து வந்ததுதானே என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். உண்மை. பேட்ஸை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் உள்நாட்டு எதேச்சதிகாரத்தை வெறுப்பது வேறு, அந்நியப் படையின் நிழலில் அமைச்சராவது வேறு.

அடுத்ததுதான் எல்லோரும் சொல்வது: அவர் சிறையில் அனுபவித்துவிட்டாரே, கணக்குத் தீர்ந்ததே. இல்லை, தீரவில்லை. 1950 மார்ச்சில் எஸ்தோனியக் கம்யூனிஸ்ட் கட்சியின் எட்டாவது முழுக்கூட்டம் குரூஸ், செம்பர், ஆந்த்ரேசன் போன்றவர்களைக் குறிவைத்தது. ஆந்த்ரேசன் மீது சுமத்தப்பட்டது "முதலாளித்துவத் தேசியவாதி" என்ற குற்றச்சாட்டு. அவரைச் சிறையில் அடைத்த அரசு 1940-ஐ ஒருபோதும் தவறாகக் கருதியதில்லை. அதைப் பெருமையாகக் கொண்டாடியது. செய்யாத குற்றத்துக்காக அவர் அனுபவித்த தண்டனையை, செய்த காரியத்துக்கான பரிகாரமாக எப்படி வரவு வைப்பீர்கள்? அந்த ஐந்து ஆண்டுகள் அவருக்கு இழைக்கப்பட்ட அநீதி. அந்த அநீதிக்காக நானும் வருந்துகிறேன். அதனால் 1940 அழிந்துவிடாது.

அவருடைய ஆய்வுகளை எரித்துவிடச் சொல்கிறேன் என்று திரித்துப் பேசுவது என்னை மிகவும் புண்படுத்துகிறது. விடுதலைக்குப் பிறகு முப்பது ஆண்டுகள் அவர் எழுதினார். கவிஞரும் இலக்கியப் பேராசிரியருமான குஸ்தாவ் சூய்ட்ஸைப் பற்றி எழுதினார். அந்த சூய்ட்ஸ் 1944-இல் சோவியத் படை திரும்பி வந்தபோது ஸ்வீடனுக்கு ஓடிப்போய், 1956-இல் அங்கேயே இறந்தவர். எந்த ஆட்சிக்கு அஞ்சி அந்தக் கவிஞர் நாட்டை விட்டுப் போனாரோ, அந்த ஆட்சியின் ஆணையராக இருந்தவர் முதுமையில் அவருடைய கவிதையோடு உட்கார்ந்திருக்கிறார். 1940-ஐ மறைத்துவிட்டால் இந்த உறவின் கனம் எந்த வாசகருக்குத் தெரியும்? ஆந்த்ரேசனின் ஆய்வை மதிப்பவர்கள்தான் அவருடைய அமைச்சர் பதவியை முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

இவ்வளவு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு எஸ்தோனியரைத் தீர்ப்பிட நீ யார் என்று கேட்டவருக்கு: நான் தீர்ப்பு எழுதவில்லை, ஒரு தேதியைக் கேட்டேன். தூரத்திலிருந்து அவரைப் போற்ற உங்களுக்கு உரிமை இருக்கிறது என்றால், கேட்க எனக்கும் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் ரெயைப் பற்றிப் பேச விரும்பினால் வரலாம் என்று அமைப்பாளர் செய்தி அனுப்பியிருக்கிறார். வருவேன். தன் கட்சியையே தடை செய்த பேட்ஸின் ஆட்சியில்தான் ரெய் மாஸ்கோ தூதர் பதவியை ஏற்றார் என்பதையும் அங்கே சொல்வேன்.