இணைப்பு அறுவதற்குக் காரணம் புளூடூத் அல்ல, பேட்டரி

புளூடூத்தால் இயக்கும் ரோபோ வண்டி கிட்டுக்கு 9 வோல்ட் சதுர பேட்டரியே போதும் என்றும், வண்டி கிளம்பியதும் இணைப்பு அறுந்தால் எச்.சி.-05 புளூடூத் மாட்யூல் பழுது, சென்னை ரிச்சி தெருவில் வேறு வாங்கி மாற்றுங்கள் என்றும் நண்பர் கூறியிருப்பது சரியல்ல. நல்ல மாட்யூலைப் பிள்ளைகள் தூக்கி எறிந்துவிடக் கூடாது என்பதால் விளக்குகிறேன்.

அந்தப் பேட்டரியின் உள்மின்தடை அதிகம். சக்கரங்களைச் சுழற்றும் மஞ்சள் நிற பி.ஓ. மோட்டார்கள் இரண்டும் நின்ற நிலையிலிருந்து ஒரே நேரத்தில் கிளம்பும்போது, சீராக ஓடுகையில் எடுப்பதைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுப்பதால், மின்னழுத்தம் சட்டெனச் சரிந்து வண்டியைக் கட்டுப்படுத்தும் ஆர்டுயினோ பலகை ரீசெட் ஆகிறது, அதாவது முதலிலிருந்து மீண்டும் தொடங்குகிறது. மாட்யூலின் சிவப்பு விளக்கும் இணைப்பு இல்லாதபோது சிமிட்டுவதுபோல் மீண்டும் வேகமாகச் சிமிட்டத் தொடங்குகிறது. மோட்டார்களுக்கு மின்சாரம் கொடுக்கும் எல்298என் டிரைவரும் தன் பங்குக்கு ஏறத்தாழ 2 வோல்ட்டை விழுங்கிவிடுகிறது.

சக்கரங்கள் தரையில் படாதவாறு வண்டியைத் தூக்கிப் பிடித்து இயக்கிப் பாருங்கள். அப்போது இணைப்பு நிலைத்து, தரையில் வைத்ததும் அறுந்தால், குறை பெரும்பாலும் மின்சாரத்தில்தான். பாதுகாப்புச் சுற்றுடன் இரண்டு 18650 லித்தியம்-அயான் செல்களைத் தொடராக இணைத்தால் 7.4 வோல்ட் கிடைக்கும். டிரைவரின் கிரவுண்டையும் (எதிர்முனை) ஆர்டுயினோவின் கிரவுண்டையும் இணைக்க மறக்க வேண்டாம்.

மாட்யூல் உண்மையாகவே கெடக்கூடிய இடம் வேறு. அதன் தகவல் பெறும் ஆர்.எக்ஸ். முனை 3.3 வோல்ட்டுக்கானது, ஆர்டுயினோ ஊனோ அனுப்புவதோ 5 வோல்ட். இடையில் 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் மின்தடைகளால் மின்னழுத்தத்தைப் பிரித்துக் கொடுப்பது அவசியம்.